விறாந்தைச் சட்டம்: உறுதியின் முதற்பக்கம் எதற்கு?

போன இதழில் காணி வாங்குபவர்களுக்கு ஒரு வரி எழுதியிருந்தேன்: கையொப்பம் வைக்க முதல் காணி உறுதியின் முகவுரையை ஆறுதலாக இருந்து வாசியுங்கள் என்று. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இம்முறை பக்கம் முழுவதும். வேலிச் சண்டை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். வேலி எங்கேயும் ஓடாது, சண்டையும் ஓடாது.

கேள்வி: நொத்தாரிசு அக்கா, இடம்பெயர்வில எங்கட உறுதியெல்லாம் தொலைஞ்சு போச்சுது. அண்ணரிட்ட மட்டும் ஐயா எழுதிக் குடுத்த நன்கொடை உறுதி ஒண்டு இருக்கு. அதில முதல் ஒரு பக்கம் முழுக்கப் பழங்கதை. ஆர் ஆருக்குக் குடுத்தது, எந்த வருசம் எண்டு. இனி நாங்கள் எழுதேக்க அதை விட்டிட்டுக் காரியத்தை மட்டும் எழுதினால் கூலி குறையுமோ?
– ஒரு விவசாயி, முள்ளியவளை

கூலி குறையாது அண்ணை. நாங்கள் பக்கக் கணக்கில் காசு வாங்குவதில்லை. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் உறுதி எழுதுபவருக்கு நீளத்தைப் பார்த்துத்தான் கூலி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் அந்த முறை போனது. அந்தக் காலத்து உறுதிகளில் ஒரு சொல்லுக்கு நாலு சொல் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். என் அப்பா வவுனியாக் கச்சேரிக்கு வெளியே மேசை போட்டுப் பெட்டிசன் எழுதியவர். அவருக்கும் பக்கக் கணக்குத்தான். கேட்க வந்த விசயம் கடைசிப் பக்கத்தில்தான் தலை காட்டும்.

ஆனால் உங்கள் அண்ணரின் உறுதியில் இருப்பது கூலிக்காக நீட்டிய கதை இல்லை. இன்ன ஆண்டு, இன்ன திகதி, இன்ன பிரசித்த நொத்தாரிசு முன்னிலையில் முடிக்கப்பட்ட இத்தனையாம் இலக்க உறுதிப்படி இந்தக் காணி எனக்கு உரித்தாகி என் ஆட்சியில் இருக்கிறது என்று உங்கள் ஐயா அதில் சொல்லியிருப்பார். பிறகுதான் ‘ஆகையால்’ என்று ஒரு திருப்பம் வரும். அதற்குக் கீழே உள்ளதுதான் காணியைக் கை மாற்றுகிற பகுதி, செயற்படு பகுதி என்போம். மேலே உள்ளதுதான் முகவுரை. அது ஒரு சாண் நிலத்தைக்கூட யாருக்கும் கொடுக்காது. கொடுப்பவருக்குக் கொடுக்கிற உரிமை எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்லும்.

உங்களுக்கு இப்போது அதுதான் தேவை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்து இந்த நாட்டில் காணி விற்பதானாலும் கொடுப்பதானாலும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு, எழுத்தில் செய்ய வேண்டும். நொத்தாரிசு ஒரே உறுதியை மூன்றாக எழுதுவார். ஒன்று உங்களுக்கு. ஒன்று அவருடைய உறுதிக் கட்டுக்குள் கிடக்கும். இன்னொன்று காணிப் பதிவகத்துக்குப் போகும். வன்னியில் வீட்டில் வைத்திருந்த உறுதி எரிந்தது, நொத்தாரிசின் அறையும் எரிந்தது. ஆனால் பதிவகத்துக்குப் போன பிரதி தப்பியிருக்க இடமுண்டு. அதைத் தேடுவதற்கு அங்கே உங்களிடம் மூன்று விசயம் கேட்பார்கள்: உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர். அந்த மூன்றும் நீங்கள் பழங்கதை என்கிற பகுதியில் வரிசையாக எழுதிக் கிடக்கின்றன. அண்ணரின் உறுதியைப் போட்டோகொப்பி எடுத்துக்கொண்டு போய், ஐயாவின் மூல உறுதிக்கு அத்தாட்சிப்படுத்திய பிரதி கேளுங்கள். அது கிடைத்தால் அதற்குள்ளும் ஒரு முகவுரை இருக்கும், உங்கள் பாட்டனார் காலத்துக்குக் கொண்டுபோகும். அயலட்டை உறுதிகளையும் பாருங்கள். எல்லை சொல்லும்போது உங்கள் ஐயாவின் பெயர் அவற்றில் வந்திருக்கலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். முகவுரையில் எழுதிவிட்டால் எல்லாம் உண்மையாகிவிடாது. உறுதியில் ஒன்றைச் சொல்லிக் கையொப்பம் வைத்தவர் பிறகு அந்த உறுதியைப் பற்றிய வழக்கில் ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்று இலகுவாகத் திரும்ப முடியாது. அவர் வழியாக உரிமை கேட்பவருக்கும் அதே கதிதான். வெளியாளை மட்டும் அது கட்டாது. கலியாணத்துக்குப் பிறகு காசு கொடுத்து வாங்கிய காணியை ‘எனது முதுசம்’, அதாவது பரம்பரைச் சொத்து, என்று முகவுரையில் எழுதுகிற ஆட்களைக் கண்டிருக்கிறேன். வடக்குத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமை பொருந்துகிறவர்களுக்கு அது தேடியதேட்டம், கலியாணத்துக்குப் பிறகு தேடிய சொத்து. மனைவியின் பங்கு ஒரு சொல்லால் கரைந்து போகாது.

கேள்வி: பரந்தன் ரோட்டோரம் உள்ள எங்கட வளவை நெல் காயப்போடத்தான் மூன்று வருசக் குத்தகைக்குக் குடுத்தம். உடன்படிக்கையில முதல் பந்தியில அப்பிடித்தான் கிடக்கு. இப்ப அந்தாள் அதில கராஜ் போட்டிருக்கிறார். கேட்டால் நாலாம் பந்தியைக் காட்டுறார். அதில ‘குத்தகைக்காரர் தாம் விரும்பும் எத்தொழிலுக்கும் பாவிக்கலாம்’ எண்டு இருக்கு. எது செல்லும்?
– ஒரு குடும்பத் தலைவி, பரந்தன்

நாலாம் பந்தி செல்லும் தங்கச்சி. கவலைதான், ஆனால் நேரே சொல்லிவிடுகிறேன்.

1886இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எஷர் பிரபு சொன்ன மூன்று விதிகளைத்தான் ஆங்கிலச் சட்ட வழியில் வந்தவர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். முகவுரை தெளிவாக இருந்து, செயற்படு பகுதி குழப்பமாக இருந்தால் முகவுரையைக் கொண்டு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். முகவுரை குழப்பமாக இருந்து, செயற்படு பகுதி தெளிவாக இருந்தால் செயற்படு பகுதி. இரண்டும் தெளிவாக இருந்து ஒன்றுக்கொன்று முரண்பட்டால் அப்போதும் செயற்படு பகுதிதான். உங்களுடையது மூன்றாவது வகை. ‘எத்தொழிலுக்கும்’ என்ற சொல்லில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. நாலாம் பந்தியில் ‘மேற்படி தேவைக்கும் அதனோடு சார்ந்த வேலைகளுக்கும்’ என்று எழுதியிருந்தால் கதை வேறு. மேற்படி தேவை எது என்று நீதிபதி மேலே பார்ப்பார், அங்கே நெல் இருக்கும், கராஜ்காரர் ஸ்பானரைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

எங்கள் ஆட்கள் நிறையப் பேர் செய்கிற வேலை இது. தங்கள் மனதில் உள்ள கட்டுப்பாட்டை ஒரு கதையாக முதல் பந்தியில் சொல்லிவிட்டு, கீழே உள்ள பந்திகளை வேறு யாரோ ஒருவரின் பழைய உடன்படிக்கையைப் பார்த்து அப்படியே எழுதுவது. செய்ய வேண்டியது, செய்யக்கூடாதது எல்லாம் இலக்கமிட்ட பந்திக்குள் வர வேண்டும். ‘மேற்சொன்ன முகவுரையும் இவ்வுடன்படிக்கையின் பகுதியாகும்’ என்று ஒரு வரி சேர்ப்பதும் நல்லது. ஆனால் அந்த ஒரு வரியை நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய பிரதியில் வேறொன்றும் கண்டேன். கீழே சமாதான நீதவானின் முத்திரை மட்டும்தான் இருக்கிறது. நான் மேலே சொன்ன 1840ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கும் நொத்தாரிசைக் கேட்கிறது. மூன்று வருசக் குத்தகை என்றால் முகவுரையா நாலாம் பந்தியா என்று பார்க்க முதலே அந்தக் கடதாசி நிற்குமா என்ற கேள்வி வரும். இது உங்களுக்குச் சாதகமாகவும் திரும்பலாம். ஒரு லோயரிடம் கடதாசியை முழுவதாகக் காட்டுங்கள். கராஜ்காரரிடம் அதுவரை இதைப்பற்றி வாய் திறக்காதீர்கள்.

கேள்வி: அரசறிவியல் வகுப்பில் அரசியல் யாப்பின் முகவுரை யாப்பின் பகுதியா இல்லையா என்று விவாதம். இந்தியாவில் பகுதி என்று தீர்ப்பு இருக்கிறதாம். எங்களுடையது?
– உயர்தர மாணவி, மல்லாவி

இந்தியாக் கதையைச் சொன்னால் உங்கள் வகுப்பு இன்னும் சூடாகும். 1960இல் பெருபாரி என்ற எல்லைப் பகுதி விவகாரத்தில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் முகவுரை யாப்பின் பகுதி இல்லை என்றது. 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் பகுதிதான் என்றது. 1976இல் 42ஆவது திருத்தம் அந்த முகவுரைக்குள்ளேயே கைவைத்து ‘சோசலிச’, ‘மதச்சார்பற்ற’ என்ற சொற்களைச் செருகியது. பகுதி இல்லாத ஒன்றை யாரும் திருத்த மாட்டார்கள் அல்லவா?

எங்கள் 1978ஆம் ஆண்டு யாப்பை எடுத்து முதல் பக்கத்தைப் பாருங்கள். ‘ஸ்வஸ்தி’ என்று தொடங்கும். பிறகு வருவது ஒரே ஒரு வசனம். மூச்சு விடாமல் போகும். மக்கள் ஆணை கொடுத்த நாளைப் புத்த வருடம் 2521, வளர்பிறையின் ஆறாம் நாள் என்று திதியோடு குறித்துவிட்டு, அதுதான் 1977 யூலை 21 வியாழக்கிழமை என்று விளக்கமும் வைத்திருக்கிறார்கள். அன்று பொதுத் தேர்தல். உறுதியில் ‘இன்ன இலக்க உறுதிப்படி எனக்கு உரித்தான’ என்று எழுதுவதும் இதுவும் ஒரே வேலைதான்: இதை ஆக்க எங்களுக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று காட்டுவது. 1972 யாப்பும் இந்திய யாப்பும் மக்களே ‘நாம்’ என்று பேசுகிற மாதிரித் தொடங்குகின்றன. 1978 யாப்பில் மக்களைப் பற்றி வேறு யாரோ பேசுகிறார்கள். அவர்களின் பிரதிநிதிகள்தான் வசனத்தின் கடைசியில் வந்து யாப்பை நிறைவேற்றுகிறார்கள். எனக்கு இந்த வித்தியாசம் சின்னதாகப் படவில்லை. உங்கள் ரீச்சரிடம் கேட்டுப் பாருங்கள்.

அந்த வசனத்துக்குள் சுதந்திரம், சமத்துவம், நீதி, அடிப்படை மனித உரிமைகள், நீதித்துறையின் சுதந்திரம் எல்லாம் வரிசையாக வருகின்றன. நீதியரசர்கள் தீர்ப்புகளில் அதை எடுத்துக்காட்டுவதும் உண்டு. ஆனால் ‘முகவுரையில் சமத்துவம் இருக்கிறது, எனக்கு அது கிடைக்கவில்லை’ என்று மட்டும் எழுதி உயர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. அடிப்படை உரிமை மனு என்றால் உறுப்புரை 126இன் கீழ், ஒரு மாதத்துக்குள், மூன்றாம் அத்தியாயத்தில் உள்ள ஓர் உறுப்புரை மீறப்பட்டது என்று காட்டிப் போக வேண்டும். சமத்துவம் என்றால் உறுப்புரை 12. அதன் எல்லை எதுவரை என்று வாதம் வரும்போதுதான் முகவுரை உதவிக்கு வரும்.

பரீட்சைக்கு இன்னும் ஒரு வழக்கு வைத்துக்கொள்ளுங்கள், கதையும் நல்லது. 1705இல் இங்கிலாந்து நாடாளுமன்றம், அரியணைக்கு அடுத்த வாரிசாக இருந்த ஜேர்மனிய ஹனோவர் இளவரசி சோபியாவையும் அவர் வழி வந்தவர்கள் எல்லோரையும் இங்கிலாந்துப் பிரஜைகளாக்கியது. ஆன் மகாராணியின் காலத்திலேயே இதைச் செய்வது நியாயம் என்று முகவுரை சொன்னது. இருநூற்றைம்பது வருசம் கழித்து ஹனோவர் இளவரசர் ஒருவர், அதுவும் உலகப் போரில் எதிரியாக நின்ற நாட்டில் இருந்தவர், ‘நானும் சோபியா வழிதான், நானும் பிரித்தானியப் பிரஜைதான்’ என்று வந்து நின்றார். முகவுரையைக் காட்டி, இது மகாராணி உயிரோடு இருந்த காலத்தில் பிறந்தவர்களுக்கு மட்டும் என்றது அரசாங்கம். 1957இல் பிரபுக்கள் சபை இளவரசர் பக்கம் நின்றது. முகவுரையையும் சேர்த்துத்தான் சட்டத்தை வாசிக்க வேண்டும், ஆனால் செயற்படு சொற்கள் தெளிவாக இருக்கும்போது அவற்றை முகவுரை குறுக்க முடியாது என்பது தீர்ப்பு. பரந்தன் தங்கச்சியின் கராஜ்காரருக்கும் இந்த இளவரசருக்கும் ஒரே நியாயம்.

கேள்வி: உறுதியின் தலைப்பில் பிள்ளையார் சுழி போட்டால் பதிவகம் திருப்பி அனுப்புமா?
– ஒரு முதியவர், நெடுங்கேணி

சுழியால் கொடுத்தது கூடிவிடாது, வாங்கியது குறைந்துவிடாது ஐயா. நாட்டின் யாப்பே ‘ஸ்வஸ்தி’ போட்டுத்தான் தொடங்குகிறது. போடுங்கள்.

கேள்வி: பிள்ளை, முகவுரை முகவுரை எண்டு எழுதுறீர். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்ர முகவுரையை ஒருக்கா வாசிச்சுப் பாரும். சட்ட ஆட்சியை மதிக்கிறதைப் பற்றியெல்லாம் கதைக்குது. உள்ளுக்குப் போனால் என்ன இருக்கு? இதுக்கு ஏன் முகவுரை?
– ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், வவுனியா

வாசித்திருக்கிறேன் ஐயா, பல தடவை. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம். நாட்டின் பொது ஒழுங்குக்குத் தொடர்ந்து ஆபத்து இருக்கிறது என்கிறது. சட்ட ஆட்சிக்கான மதிப்பில் சுதந்திரம் நிலைக்கும்போதுதான் மனிதரும் நிறுவனங்களும் சுதந்திரமாக இருக்க முடியும் என்கிறது. குறைகளை யாப்பு வழியில் தீர்க்க வேண்டும் என்கிறது. மற்றைய சனநாயக நாடுகளும் இப்படிச் சட்டம் செய்திருக்கின்றன என்று துணைக்கும் ஆள் கூப்பிடுகிறது. உள்ளே 9ஆம் பிரிவில் அமைச்சரின் கட்டளையில் மூன்று மூன்று மாதமாகப் பதினெட்டு மாதம்வரை வழக்கில்லாமல் தடுத்து வைக்கலாம் என்று இருந்தது. 2022இல்தான் அது பன்னிரண்டு மாதமானது. 16ஆம் பிரிவு உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்கிறது. பெயரில் ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்று உண்டு. மூன்று வருசம் என்று போட்டிருந்த எல்லையை 1982இல் எடுத்துவிட்டார்கள், பெயரில் ‘தற்காலிக’ மட்டும் அப்படியே நிற்கிறது.

முகவுரைக்கு நல்ல மனம் தேவை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை ஐயா. பழைய ஆங்கில நீதியரசர் டையர் அதைச் சட்டம் ஆக்கியவர்களின் மனதைத் திறக்கிற திறப்பு என்றார். என் கண்ணுக்கு, தன் பக்க நியாயத்தை வாசிப்பவர் மனதில் முதலே ஏற்றிவிடுகிற வேலையும் அதற்கு உண்டு. ஒரு சட்டம் எவ்வளவு கடுமையானதோ அவ்வளவுக்கு அதன் வாசலில் நல்ல வார்த்தை கூடுதலாக நிற்கும் என்பது என் அனுபவம். இருந்தாலும் அந்த நல்ல வார்த்தை எழுத்தில் கிடப்பது நமக்கு வேண்டும். ‘நீங்களே சட்ட ஆட்சி என்று எழுதினீர்கள்’ என்று ஒரு சட்டத்தரணி எழுந்து நின்று கேட்கலாம். எழுதாமல் விட்டிருந்தால் அதுவும் இல்லை.

எதிர்ப்பக்கத்து உதாரணமும் எங்களிடம் இருக்கிறது. 1987 யூலை 29 இலங்கை–இந்திய ஒப்பந்தத்தை எடுங்கள். வடக்கும் கிழக்கும் இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் வரலாற்று வாழிடப் பிரதேசங்களாக இருந்து வந்துள்ளன, அவர்கள் அங்கே மற்றைய இனத்தவரோடு சேர்ந்து வாழ்ந்து வந்திருக்கிறார்கள் என்ற அங்கீகாரம் அதில் எங்கே இருக்கிறது? முதலாம் பகுதியில், ‘விரும்பியும்’, ‘ஏற்றுக்கொண்டும்’, ‘அங்கீகரித்தும்’ என்று போகிற முகவுரைப் பந்திகளில், 1.4ஆக. இரண்டாம் பகுதியில்தான் செய்வதாகத் தீர்மானித்த விசயங்கள் தொடங்குகின்றன. அந்த வருசம் நவம்பரில் வந்த 13ஆவது திருத்தத்தில் மாகாண சபை வந்தது, அந்த வசனம் வரவில்லை. நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தத்தை வாசிக்கும்போது முகவுரையையும் சேர்த்தே வாசிக்க வேண்டும் என்று 1969ஆம் ஆண்டு வியன்னா சமவாயம் 31ஆம் உறுப்புரையில் சொல்கிறது. அதனால் அந்த வரி செத்த வரி இல்லை. ஆனால் மேடையில் அதைச் சொல்லி ‘எழுதித் தந்துவிட்டார்கள்’ என்று முழங்குகிறவர்களிடம் நான் கேட்க நினைப்பது, ‘ஆகையால்’ என்பதற்கு மேலேயா கீழேயா என்பதைத்தான்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் பணத்தில் ஒரு தரும நிதியம் தொடங்கி உறுதி எழுதப் போகிறோம். நோக்கத்தை விரிவாக எழுதத்தான் வேண்டுமா?
– ஆசிரியை, ஒட்டுசுட்டான்

வேண்டும் ரீச்சர். தரும நிதியத்துக்கு எழுதுகிற நம்பிக்கைப் பொறுப்பு உறுதியில் மட்டும் நோக்கம்தான் உயிர். 1601இல் எலிசபெத் மகாராணி காலத்தில் தரும நிதி மோசடியைப் பிடிக்க ஒரு சட்டம் வந்தது. அதன் முகவுரையில் எவையெல்லாம் தருமம் என்று ஒரு பட்டியல்: முதியோர், வறியோர் உதவி, காயப்பட்ட போர்வீரர் பராமரிப்பு, பள்ளிக்கூடம், பாலம், துறைமுகம், கடல் அணை, தெரு, ஏழைக் குமர்களின் கலியாணம். சட்டம் 1888இல் நீங்கியது, பட்டியல் நீங்கவில்லை. தருமம் எது என்று தீர்மானிக்க நீதிமன்றங்கள் அதையே திரும்பத் திரும்பப் புரட்டின. எங்கள் 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 99ஆம் பிரிவிலும் வறுமை நிவாரணம், கல்வி, சமயம், மனித குலத்துக்குப் பயனான மற்றவை என்று அதே வாசம்தான் அடிக்கிறது. குளக்கட்டுத் திருத்துவதும் குமர்களுக்கு உதவுவதும் உங்கள் எண்ணமென்றால் இரண்டையும் பெயர் சொல்லி எழுதுங்கள். அதோடு, முகவுரையில் மட்டும் இல்லாமல் நம்பிக்கைப் பொறுப்பாளரின் கடமைப் பந்தியிலும் எழுதுங்கள். நாளைக்கு நிர்வாகம் மாறி, பணமெல்லாம் திருவிழா ஒலிபெருக்கிக்குப் போகும்போது யாராவது காட்ட ஒரு பந்தி வேண்டும்.

கேள்வி: அக்கா, மாங்குளத்தில் ஒரு ஏக்கர் காணி மலிவாக வருகிறது. ‘உறுதி எழுதித் தரலாம்’ என்கிறார் விற்பவர். வரைவை அனுப்பியிருக்கிறேன். முற்பணம் நாளையின்றைக்குக் கேட்கிறார்.
– ஒரு தம்பி, மாங்குளம்

கொடுக்காதையும் தம்பி. நீர் அனுப்பிய வரைவின் இரண்டாம் வரியை வாசித்தீரா? ‘காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட இத்தனையாம் இலக்க அனுமதிப்பத்திரப்படி எனக்கு உரித்தான’ என்று விற்பவரே எழுதி வைத்திருக்கிறார். அது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம். பேர்மிட் காணி அரச காணி. பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கை மாற்றினால் அது வெற்றுக் கடதாசி. கீழே ‘விற்று, உரிமை மாற்றி, என்றென்றைக்கும்’ என்று எவ்வளவு அழகாக எழுதினாலும், தன்னிடம் இல்லாததை ஒருவர் கொடுக்க முடியாது. அந்தப் பேர்மிட் இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போம். யாருடைய பெயரில் இருக்கிறது, பின்னுரித்தாளர் (அவருக்குப் பிறகு உரிமை பெறுபவர்) யார், கை மாற்றச் சம்மதம் கேட்டு விண்ணப்பம் ஏதும் போயிருக்கிறதா என்று கேளும். விற்பவர் அவசரப்படுத்தினால் அவரையும் கூட்டிக்கொண்டு போம்.